ஜெபக்குழு நடத்தப் போய் நான் கெட்டதும் கற்றதும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 31 ஆண்டுகள் பேரேடு எழுதியவன் நான். எதையும் கணக்கிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடும். 2019 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை பதினோரு மாதங்களில் எங்கள் சபையின் ஜெப ஊழியத்துக்காக என் கையை விட்டுப் போனது 1,86,200 ரூபாய். காணிக்கையாக வந்தது 38,740 ரூபாய். மீதி 1,47,460 ரூபாய் என் பணிக்கொடையில் விழுந்த ஓட்டை. பணத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆறு குடும்பங்கள் சபையை விட்டே போய்விட்டன. ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த திருமணம் நின்றது. அது நின்றதற்குக் காரணம் என் கைவிரல். சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

எங்கள் சபை கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. சுமார் 140 குடும்பங்கள். 2018 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆயர் என்னைக் கூப்பிட்டு, “ஐயா, புதன்கிழமை ஜெபக்குழுவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வயதான அம்மாக்கள் மட்டும்தான் வருகிறார்கள், அதைக் கொஞ்சம் தூக்கி நிறுத்த வேண்டும்” என்றார். போய்ப் பார்த்தேன். ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் பாய் விரித்து ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்ததே, அதன் பிறகு முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களோடு உட்கார்ந்து அழுவதற்காகச் சேர்ந்தவர்கள் இவர்கள். பதினான்கு வருடமாக விடாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பாட, ஒருவர் முணுமுணுக்க, ஒருவர் பாதியில் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் இளக்காரமாக இருந்தது. இதுவா ஜெப ஊழியம் என்று நினைத்தேன். என் முதல் தவறு அந்த நினைப்பு. இருப்பது எதனால் பதினான்கு வருடம் நிற்கிறது என்று ஒருவரிடமும் கேட்காமல், அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியச் சபையார் 1727இல் தொடங்கிய தொடர் ஜெபம் நூறு ஆண்டுகள் இடைவிடாமல் நடந்தது என்று ஒரு கூட்டத்தில் கேட்டிருந்தேன். அது தலைக்கேறிவிட்டது. வாரத்துக்கு 168 மணி நேரம். 168 கட்டங்கள் போட்டு அட்டை தயாரித்தேன். துண்டறிக்கை ஒன்றும் அச்சடித்தேன். 1737இல் மிஷனரிகள் கடலூரில் ஊழியம் தொடங்கியதையும், 1740இல் கீர்நாந்தர் என்ற மிஷனரி இங்கே வந்து, 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனதையும் அதில் பெருமையாக எழுதினேன். இரவு இரண்டு மணிக் கட்டத்தில் யார் உட்காருவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. முதல் ஞாயிறு 112 கட்டங்கள் நிரம்பின. ஆலயத்தில் கைதட்டல். மூன்றாவது வாரம் நள்ளிரவுக் கட்டங்கள் காலியாகின. ஆறாவது வாரம் உண்மையில் நடந்துகொண்டிருந்தவை 19. பெயர் கொடுத்தவர்களுக்கு வெட்கம். என் முகத்தைப் பார்த்தால் வேறு வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்கள். காலிக் கட்டங்களை நானே எடுத்துக்கொண்டேன். இரவு ஒரு மணி முதல் நான்கு வரை முழங்காலில். ஒரு நாள் காலை பால் வாங்கப் போனபோது கெடிலம் பாலத்தின் மேல் ஸ்கூட்டரிலேயே கண்ணயர்ந்து கைப்பிடிச் சுவரில் மோதினேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: “கர்த்தர் உங்களைத் தூங்கவே வேண்டாம் என்று சொன்னாரா?”

ஹெர்ன்ஹூட் கதையின் மறுபாதியைப் பிற்பாடுதான் படித்தேன். அங்கே தொடங்கியது 24 ஆண்களும் 24 பெண்களும். ஒரே பிரபுவின் நிலத்தில், ஒரே கிராமத்தில், அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தவர்கள். அதற்கு முன் தங்களுக்குள் இருந்த சண்டைகளைத் தீர்த்துக்கொண்டு சமாதானமானவர்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து இரவு பதினொன்றுக்கு வீடு வருகிறவரிடமும், காலை ஐந்து மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவரிடமும் அந்த அட்டையை நீட்டியது என் அறியாமை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் சபையார் எந்த நேரத்தில் விழித்திருக்கிறார்கள், எப்போது கை ஓய்கிறது என்பதை ஒரு மாதம் கவனியுங்கள். பிறகு அட்டையைப் போடுங்கள். இப்போது எங்களிடம் உள்ளவை வாரத்துக்கு 14 கட்டங்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். ஒருவர் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே தன் கட்டத்தை முடிக்கிறார். தவறினால் யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் அவரே வந்து சொல்வார்.

சங்கிலி ஜெபம் அறுந்ததும் அடங்கியிருக்க வேண்டும். எனக்கு ரோஷம் வந்தது. இடம் சரியில்லை, ஒலி சரியில்லை, அதனால்தான் அனல் இல்லை என்று முடிவு கட்டினேன். கூத்தப்பாக்கத்தில் மாதம் 5,500 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தேன், முன்பணம் 50,000. காலி செய்தபோது வெள்ளையடிப்பு, மின் கட்டணம் என்று கழித்து 32,000 திரும்பி வந்தது. 68,500 ரூபாய்க்கு ஆம்ப்ளிஃபையரும் ஒலிப்பெட்டிகளும் வாங்கினேன். பிறகு 21,000க்கு விற்றேன். மாதம் ஒரு முழு இரவு ஜெபம். வெளியூர்ப் பிரசங்கியாருக்குக் காணிக்கையும் பயணச் செலவும் ஆறாயிரம், வந்தவர்களுக்கு டீ, இட்லி 2,600. ஏழு இரவுகள் நடந்தன. நான்காவது இரவு பத்தே முக்காலுக்கு வாசலில் போலீஸ் ஜீப். பக்கத்து வீட்டில் பிறந்து பதினெட்டு நாளான குழந்தை இருந்தது எனக்குத் தெரியாது. உதவி ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றார். சென்னைச் சபை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு, பக்கத்து வீட்டாரின் நிம்மதியைக் குலைத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்புக் கூறியதையும் பிறகு தெரிந்துகொண்டேன். மறுநாள் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, “நீங்கள் சாமி கும்பிடுவது வேண்டாம் என்று சொல்லவில்லை சார். கண்ணாடி அதிர்கிறது” என்றாள். முப்பது பேர் உட்காரும் அறைக்கு நான்கு ஒலிப்பெட்டி எதற்கு என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

போலீஸ் வந்ததைக்கூட மறந்துவிடலாம். ஐந்தாவது இரவு வந்த பிரசங்கியார், “விசுவாசம் இருக்கிறவனுக்கு மாத்திரை எதற்கு?” என்று முழங்கினார். நானும் சேர்ந்து ஆமென் சொன்னேன். எங்கள் சபையின் ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர் அன்று இரவே சர்க்கரை மாத்திரைகளைக் குப்பையில் போட்டிருக்கிறார். பன்னிரண்டாம் நாள் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார், கால் விரல் ஒன்று போய்விட்டது. வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. மருத்துவரை விட்டுவிடச் சொல்லவில்லை. இன்று எங்கள் குழுவில் வியாதிக்காக யார் வந்து நின்றாலும் ஜெபத்துக்கு முன் கேட்கும் கேள்வி, “டாக்டரைப் பார்த்தாயிற்றா, மாத்திரை போடுகிறீர்களா?” என்பது. சிலருக்கு இது அவிசுவாசமாகத் தோன்றுகிறது. தோன்றட்டும். வெளியூர் ஆள் மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டு விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். அந்த விரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உள்ளூரில் இருக்கிற நாம்தான்.

இனி அந்தக் கைவிரல் விஷயம். 2019 செப்டம்பர். ஜெபக்குழுவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். யார் சேர்க்கச் சொன்னாலும் சேர்த்துக்கொண்டே போனதில் 164 பேர். எண்ணிக்கை கூடுவதை ஊழியம் வளர்வதாகவே நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு இருப்பதையும், மூன்று வருடமாக மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதையும், ஜனவரியில் கல்யாணம் என்பதால் மனம் கலங்குவதையும் சொன்னார். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று ஞானம் கிடைக்க ஜெபியுங்கள் என்றார். அன்று இரவு கட்டிலில் படுத்துக்கொண்டே, ஒன்றரை நிமிடத்தில், அந்த அம்மாவின் பெயர், மகளின் பெயர், வியாதியின் பெயர், கல்யாண மாதம் எல்லாவற்றையும் எழுதி, “பாரத்தோடு ஜெபிக்கவும்” என்று முடித்துக் குழுவில் போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். எனக்குத் திருப்தி. மாப்பிள்ளையின் சித்தி நெய்வேலியில் இருந்துகொண்டே அந்தக் குழுவில் இருந்தது எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் சாயங்காலம் அந்த அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தன் போனை என்னிடம் நீட்டினார். நான் எழுதியது அதில் இருந்தது. அதற்குக் கீழே மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய இரண்டே வரிச் செய்தி. நான் படித்து முடிக்கும் வரை என் மனைவி துவைத்துப் போட்டிருந்த துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. “அண்ணே, கர்த்தரிடம் சொல்லச் சொன்னேன். நீங்கள் ஊரிடம் சொல்லிவிட்டீர்கள்” என்றார். போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். “வேண்டுமென்று செய்யவில்லை” என்று நான் பின்னால் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது. விழாமல் இருந்தால் நல்லது.

அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வரவில்லை. அதற்கடுத்த மாதங்களில் இன்னும் ஐந்து குடும்பங்கள். ஆனால் ஊழியம் செத்ததை நான் தெரிந்துகொண்டது விண்ணப்பப் பெட்டியைத் திறந்தபோதுதான். முன்பு வாரம் இருபது சீட்டு விழும். இப்போது மூன்று, நான்கு. அவற்றிலும் “பிரயாணப் பாதுகாப்பு”, “பிள்ளைகளின் பரீட்சை”, “நல்ல மழை”. கடன் இல்லை, குடிகாரக் கணவன் இல்லை, கருத்தரிக்காத ஏக்கம் இல்லை, கோர்ட் வாய்தா இல்லை. 140 குடும்பத்தில் ஒருவருக்கும் கஷ்டமே இல்லாதது போல ஒரு பெட்டி. ஜனங்களுக்குப் பாரம் இல்லாமல் போகவில்லை. அதை இறக்கி வைக்க எங்கள் முற்றம் பத்திரமான இடமில்லை என்று ஊரே முடிவு செய்துவிட்டது. உங்கள் ஜெபக்குழு எப்படி இருக்கிறது என்று அறிய வேண்டுமா? எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணாதீர்கள். கடைசி ஒரு மாதம் வந்த விண்ணப்பங்களை எடுத்துப் படியுங்கள். வெட்கப்படத்தக்க விஷயம் ஒன்றாவது அவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிசம்பரில் வாடகை வீட்டைக் காலி செய்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆலயம் பூட்டியிருந்த அந்த மாதங்களில் எனக்கு ஒரு செய்தி வந்தது: நான் இடித்துவிட்டதாக நினைத்த அந்தப் புதன்கிழமைப் பெண்கள் நிறுத்தவே இல்லை. ஒருவருக்கொருவர் போன் போட்டு ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். 2019 முழுவதும் என் ஒலிப்பெட்டிக் கூட்டத்துக்கும் வந்து, தனியாகத் தங்கள் கூட்டத்தையும் நடத்தியிருக்கிறார்கள். என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர்களில் மூத்தவர் முதுநகரில் கருவாடு விற்றவர். சபைக்கே ஆயா, எனக்கு மட்டும் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. சாது என்று நினைத்துவிடாதீர்கள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஆயரையே அதட்டுவார், காசு விஷயத்தில் ஒரு ரூபாய் விடமாட்டார். ஊரடங்கு தளர்ந்ததும் அரிசி கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். சுவரோரம் இரண்டு பழைய ஹார்லிக்ஸ் டப்பாக்கள். ஒன்றைத் திறந்து பாயில் கொட்டிப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். சோழி விளையாட்டு என்று நினைத்தேன். விண்ணப்பங்களாம். ஒரு கொட்டைக்கு ஒரு ஆள். காரியம் முடிந்தால் கொட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். முப்பதுக்கு மேல் இருந்தன. அவற்றில் ஒன்று தேய்ந்து பளபளவென்று இருந்தது. நெடுநாளாகக் கைபட்ட கொட்டை. “இது யாருடையது அக்கா?” என்று விரலை நீட்டினேன். கொட்டைகளின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துவிட்டார். “அது உனக்கு எதற்குத் தம்பி? உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்” என்றார். பிறகு அரிசிப் பையை நிறுத்துப் பார்த்து, ஐந்து கிலோ இல்லை, குறைகிறது என்றார். குறைந்துதான் இருந்தது.

அந்த உள்ளங்கை எனக்குப் போதுமானதாக இருந்தது. வேதாகமத்தில் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தில், ரகசியத்தை வெளியே விடாமல் காரியத்தை அடக்குகிறவனைப் பற்றி வருகிறதே, அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். 2021இல் மறுபடி கூடினோம், வெஸ்ட்ரி அறையிலேயே. வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கலை பேரேடு என்பதால் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டேன். விண்ணப்பம் வாங்கும்போது முதல் கேள்வி, “இதை யார் வரைக்கும் சொல்லலாம்?” மூன்று பதில்கள்தான். ஞாயிறு ஆராதனையில் சொல்லலாம்; புதன்கிழமைக் குழுவுக்குள் சொல்லலாம்; விண்ணப்பத்தை வாங்கிய ஆளோடு நிற்க வேண்டும். மூன்றாவது வகை நோட்டில் ஏறவே ஏறாது. தேதியும் ஒரு புள்ளியும் மட்டும். மற்ற இரண்டையும் ஒரு வாக்கியமாக எழுதி, விண்ணப்பம் கொடுத்தவரிடமே வாசித்துக் காட்டுகிறோம். அவர் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறோம். வியாதியின் பெயர், கடன் தொகை, வயதுப் பிள்ளைகளின் பெயர் எழுதுவதில்லை. “ஒரு தாயின் கலக்கத்துக்காக” என்று எழுதினால் கர்த்தருக்குப் புரியாதா என்ன? அந்த அம்மாவுக்கு நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு; அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடப்பதாகத் தெரிந்தால் ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம், தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று பேசுகிறவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். முன்பு என்னிடம் இருந்தவை பிரசங்கியார்களின் எண்கள் மட்டுமே.

நோட்டில் இன்னொரு பத்தி இருக்கிறது: “திரும்பக் கேட்ட தேதி”. விண்ணப்பம் வாங்கிப் பதினைந்தாம் நாள், வாங்கியவரே போய் “என்ன ஆயிற்று?” என்று கேட்க வேண்டும். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். இதை ஆரம்பித்தபோதுதான் எத்தனை பேரை நாங்கள் ஜெபத்தில் ஏற்றிவிட்டு நடுவழியில் மறந்திருக்கிறோம் என்று தெரிந்தது. ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்து எட்டு மாதமாகியும் நாங்கள் வேலைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தோம்; பாவம், அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு ஆமென் சொல்லி வந்திருக்கிறார். கடைசிப் பத்தியில் முடிவு. கேட்டபடி நடந்தது, வேறு விதமாக நடந்தது, நடக்கவில்லை. “நடக்கவில்லை” என்று எழுத எங்கள் குழுவில் எதிர்ப்பு இருந்தது, “காத்திருக்கிறோம்” என்று எழுதலாமே என்றார்கள். அடக்கம் முடிந்து வந்த வீட்டைப் பற்றி எப்படிக் காத்திருக்கிறோம் என்று எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுத ஆரம்பித்த பிறகு, இழப்பு நேர்ந்த வீட்டார் எங்களிடம் தயங்காமல் வருகிறார்கள்.

கூட்டம் ஐம்பது நிமிடம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பிறகு ஜெபம். பிரசங்கம் கிடையாது. ஜெபக்கூட்டம் என்று கூப்பிட்டு நாற்பது நிமிடம் பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் அவசர அவசரமாக ஜெபிப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. 1857 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்பவர் மதிய ஜெபம் தொடங்கியபோது முதல் அரை மணி நேரம் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்தவர்கள் ஆறு பேர். அந்தக் கூட்டம் பெருகிய பிறகும் ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு நிமிடம் என்று வைத்திருக்கிறோம். ஏனென்றால் எங்களிடம் ஒரு அண்ணன் இருக்கிறார், வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கினால் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில்தான் நிறுத்துவார். இன்னொருவர் ஜெபத்தின் வழியாகவே மற்றவர்களைத் திட்டுவார். “கர்த்தாவே, இங்கே சிலர் தாமதமாக வருவதை நீர் அறிவீர்.” கர்த்தர் அறிவார், அந்தச் சிலரும் அறிந்து அடுத்த வாரம் வரவில்லை. நீள ஜெபக்காரரை நாலு பேர் முன்னால் திருத்த வேண்டாம். அவருக்கு ஒரே ஒரு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, “அண்ணே, இதை மட்டும் நீங்கள்” என்றால் தானாகவே சுருங்கிவிடுகிறார். குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் இல்லை. பண உதவி கேட்டு வருகிறவரைக் கமிட்டியின் ஏழைகள் நிதிக்கு அனுப்பிவிடுகிறோம். இதை நான் மீறியது ஒரு முறைதான். போன தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, மேலே சொன்ன கணக்கில் அது சேரவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. அதைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சுவிட்டபோது, சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. அந்த இரண்டு நாளும் எங்களுக்கு உதவியது அந்த நோட்டுதான். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், எந்த அம்மா தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் நோட்டில் எழுதாவிட்டாலும், திரும்பப் போய்க் கேட்டதில் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் கேட்ட வீடுகள் என்பதால் வழியும் தெரியும். வாலிபர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் போய் மூன்று பேரைத் தூக்கி வந்து ஆலயத்தில் படுக்க வைத்தார்கள். அன்று புதன்கிழமைக் கூட்டம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்தது. பன்னிரண்டு பேர். அவர்களில் இருவர் சபை உறுப்பினர்களே அல்லர், பக்கத்துத் தெருக்காரர்கள், வீட்டுக்குள் தண்ணீர் வந்ததால் வந்தவர்கள். டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அம்மாவிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்கப் போனேன். மூன்று முறையும் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைப் போட்டார், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. மகளுக்கு வேறு இடத்தில் திருமணமாகிவிட்டதாகப் பிறர் சொல்லித்தான் தெரியும். இந்த ஆண்டு மார்ச் முதல் வெள்ளிக்கிழமை, பெண்கள் உலக ஜெப தினத்துக்கு எல்லாச் சபைகளிலிருந்தும் எங்கள் ஆலயத்துக்கு வந்திருந்தார்கள். நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர் தலையசைத்தார். விண்ணப்பப் பெட்டியின் பக்கம் போகாமல் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

கருவாட்டுக்கார அக்கா சென்ற ஆண்டு இறந்துபோனார். பதினாறாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு, கொஞ்சம் தயங்கித்தான் அவர் மகளிடம் கேட்டேன். அந்த டப்பாவை வெஸ்ட்ரி அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு ஆசை. “எந்த டப்பா மாமா? அந்தப் புளியங்கொட்டை வைத்திருந்ததா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் எடுத்து வந்து காட்டினாள். “அம்மா போவதற்கு ஒரு வாரம் முன்னால், எல்லாவற்றையும் கொல்லையில் கொட்டிவிடச் சொன்னார்கள். டப்பா நன்றாக இருக்கிறதே என்று கழுவி, கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.”

மூடியைத் திறந்து பார்த்தேன். கடுகுதான் இருந்தது.